பந்தலில் பெற்றோர் – பிள்ளை இடைவெளி: ஒரு நாற்காலி ஆய்வு

"பெற்றவர் பாடின் பிள்ளை பெயரும்."

இது யாம் இயற்றிய நூற்பா. இதன் பொழிப்பு: கிறிஸ்தவ இசைக் கூட்டத்துக்கு ஒரே பஸ்ஸில் வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்த தகப்பனும் பிள்ளையும், தகப்பன் வாய் திறந்து பாடிய பின் ஒரே வரிசையில் இரார் என்றவாறு. 'பெற்றவர்' என்றதனால் தாயும் கொள்ளப்படும். 'பிள்ளை' என்றது பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதினரை. கீழ்ப்பட்டோர் மடியில் தூங்குவர், மேற்பட்டோர் கூப்பிட்டாலும் வாரார். 'பெயரும்' என்றது எழுந்து ஓடுதலை அன்று. 'தண்ணி குடிச்சிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பாமையை.

ஆய்வுக்களம் பேராவூரணி. கல்லணைக் கால்வாயின் கடைமடை. நெல்லைவிடத் தென்னைக்குப் பேர்போன ஊர். இவ்வூர்ப் பந்தலில் பாட்டு என்றால் நடந்தே போய்விடுவர். பெரிய கன்வென்ஷன் என்றால் பட்டுக்கோட்டைக்கோ தஞ்சைக்கோ பஸ் ஏறுவர். ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 வரை பாதிப் பேர் வேளாங்கண்ணிச் சாலையில் இருப்பர். ஆனால் வேளாங்கண்ணிக்கு நடப்போர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அங்கே பிள்ளை முன்னே போவதும் தகப்பன் பின்தங்குவதும் இசையால் நிகழ்வன அல்ல, முழங்காலால் நிகழ்வன.

அளவை அலகு 'நாற்காலி'. அடியும் மீட்டரும் பந்தலில் செல்லா. வாடகைக்கு வந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தகப்பன் கைக்குட்டையால் துடைத்து, தனக்கொன்று, பிள்ளைக்கொன்று, பையை வைக்க ஒன்று என மூன்றைப் பிடித்துவைப்பார். பையை நடுவில் வைப்பது பிள்ளையின் வேலை. இடைவெளியின் தொடக்கம் அந்தப் பைதான். கூட்டம் தொடங்குமுன்பே ஒரு நாற்காலி தூரம் உண்டாகிவிடுகிறது. மீதியை இசை பார்த்துக்கொள்கிறது.

இனி இவ்விடைவெளிக்குக் காரணம் யாது? ரசனை வேறுபாடு என்பர் ஒரு சாரார். தகப்பனுக்குக் கீர்த்தனை, பிள்ளைக்கு ட்ரம்ஸ். தகப்பனுக்குப் பாமாலைப் புத்தகம், பிள்ளைக்குத் திரையில் ஓடும் வரிகள். இவ்விருவரும் எப்படிச் சேர்ந்திருப்பர் என்று கேட்பர். அற்றன்று. என்னையெனின், ட்ரம்ஸ் முழங்கும் புதுப் பாட்டுக்குத்தான் தகப்பன் அதிகமாகக் கை தட்டுகிறார். தட்டும் கை தாளத்துக்கு அரை மாத்திரை பின்னால் விழுகிறது. பிள்ளை தாங்கமுடியாமல் நகர்வது அங்கேதான். பாட்டு எது என்பது பொருட்டன்று; பாடுபவர் யாருடைய அப்பா என்பதே பொருட்டு. தாயாயின் பாடுவதோடு நில்லாது, போனை உயரப் பிடித்து முழுப் பாட்டையும் வீடியோ எடுப்பார். அதில் பாடகர் தெரியார், முன் வரிசைக்குத் தப்பிப்போன மகளின் பின்னந்தலை தெரியும்.

சான்றாக ஓர் உரையாடல், களத்தில் காதில் விழுந்தவாறே:

"அப்பா, கொஞ்சம் மெதுவாப் பாடுங்களேன்."

"ஆண்டவருக்குப் பாடுறதுல என்னடா மெதுவா?"

"ஆண்டவருக்குக் கேட்கட்டும்ப்பா. பக்கத்துல இருக்கிறவங்களுக்கும்ல கேக்குது."

இதன்பின் மகன் தண்ணீர் குடிக்கப் போனான். தண்ணீர்க் கேன் மேடைக்கு இடப்புறம். அவனோ பின்னால் நீலத் தார்ப்பாய் கட்டிய மிக்ஸர் மேசையருகே காணப்பட்டான். அம்மேசையில் ஒவ்வொரு குமிழின் கீழும் வெள்ளை டேப் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் 'கீபோர்டு', 'பேஸ்', 'பேடு', 'ஐயர் மைக்' என்று எழுதியிருந்தது. வளரிளம் பருவத்தார் இவ்விடத்தில் மொய்ப்பதற்குக் காரணம் எளிது. பந்தல் முழுவதிலும் ஒருவர் சத்தத்தைக் குறைக்கும் அதிகாரம் அந்த ஒரு மேசைக்கே உண்டு. தகப்பன் குரலுக்கு அதில் குமிழ் இல்லை என்பது வேறு.

'இதெல்லாம் பாட்டா, ஒரே சத்தம்' என்பது தகப்பன்மார் எல்லார்க்கும் பொதுவான வழக்கு. இது நேற்று முளைத்ததன்று என்பதற்குத் தஞ்சையே சாட்சி. இன்று எந்தத் தகப்பன் கண்ணை மூடிக் கீர்த்தனை பாடினாலும், அதன் வேரில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இருப்பார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்கு வந்து, இளவரசர் சரபோஜியோடு படித்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். குறவஞ்சி, கும்மி என்று ஊர்க்காரர் காது பழகிய வடிவங்களிலெல்லாம் வேதக்கதையைப் பாட்டாக்கினார். ஸ்வார்ட்ஸுக்குப் பின் வந்த புது மிஷனரிமார்க்கு, ஆலயத்தில் இந்தத் தமிழ்ப் பாட்டு உவப்பாக இல்லை. சாஸ்திரியார் அவர்கள்மேல் எழுதிய குறைகளில் பாட்டை விலக்கியதும் ஒன்று. ஆக, இன்றைய தகப்பன் பயபக்தியோடு பாடும் பாட்டு, ஒரு காலத்தில் 'ஆராதனைக்கு ஆகாத' பாட்டு. 1853இல் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அதுவே 'பழைய நல்ல பாட்டு' வரிசைக்குப் போய்விட்டது.

அக்குறைப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு. நாற்காலி ஆய்வாளன் அதைத் தாண்டிப் போகக் கூடாது. எல்லாச் சாதியாரையும் ஆலயத்தில் ஒன்றாக உட்காரச் சொன்னதையும் சாஸ்திரியார் கொடுமை என்றே எழுதினார். பாட்டு வழக்கில் யாம் அவர் கட்சி. உட்காரும் வழக்கில் அந்த மிஷனரிமார் கட்சி. பையை நடுவில் வைக்கும் பையன் அப்பாவிடமிருந்து மட்டுமே விலகுகிறான். அவ்வளவில் அவன் நம் முன்னோர் பலரினும் மேலானவன்.

இடைவெளி சுழியாக இருந்த சான்றுகளும் உள. தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே ஸ்வார்ட்ஸ் ஆலயத்தில் ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் ஒன்று. 1798இல் சாகக்கிடக்கும் ஸ்வார்ட்ஸின் கையைச் சரபோஜி பற்றி நிற்கிறார். பெறாத தகப்பன், பெறாத பிள்ளை. நடுவே பை இல்லை.  ஆயின் இச்சான்று நம் நூற்பாவை மறுக்காது, பளிங்கு பாடாது.

மறுப்பது ஆபிரகாம் பண்டிதர் சான்றுதான். சித்த மருத்துவர், தஞ்சையில் 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கிச் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தியவர், 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்ட கிறிஸ்தவர். ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்று ஊரே சொல்ல, இல்லை 24 என்று நின்றார். 1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது, தம் கொள்கையைச் சபையில் மெய்ப்பிக்க அவர் அழைத்துப்போனது தம் மகள்களை. பண்டிதர்கள் நிறைந்த அரங்கில் அப்பா சொல்லச்சொல்ல மகள்கள் வீணையோடு பாடிக் காட்டினர். தண்ணீர் குடிக்கப் போகவில்லை. இதனை எப்படி விளக்குவது? அங்கே பாடியவர் பிள்ளை, கேட்டவர் தகப்பன். ஆகவே நூற்பாவைத் திருத்துவதே முறை: 'பிள்ளை பாடின் பெற்றவர் பெயரார்.' கிறிஸ்துமஸ் கீத பவனியில் மகன் கிட்டார் தூக்கும் வீடுகளில் இதனைக் காணலாம். தகப்பன் ராத்திரி இரண்டு மணிக்கும் மப்ளர் கட்டிக்கொண்டு பின்னால் நடப்பார். மகன் மட்டும், 'நீங்க வீட்டுக்குப் போங்கப்பா' என்பான்.

பந்தலில் இடைவெளி தானே குறையும் வேளைகளும் உண்டு. காணிக்கைப் பை வரும்போது பிள்ளை பத்து ரூபாய்க்காக வருவான். போனில் சார்ஜ் இறங்கினால் வருவான். கூட்டம் முடிந்து புரோட்டாக் கடை கண்ணில் பட்டால் ஓடியே வருவான். நான்காவது வேளை ஆய்வாளர் எவரும் எதிர்பாராதது. புது வாத்தியக் குழுவினர் கடைசியில் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்து, பேஸ் கிட்டாரும் பேடும் சேர்த்து வேகத்தைக் கூட்டினர். தகப்பன், 'கெடுத்துட்டானுங்க' என்று கை தட்டுவதை நிறுத்தினார். மிக்ஸர் மேசையருகே நின்ற மகனோ பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் திரையைப் பாராமல் பாடினான். எங்கே படித்தான்? சிறுவயது முதல் காலையில் பல் துலக்கிக்கொண்டே தகப்பன் பாடியதைக் கேட்டுத்தான். தகப்பன் திரும்பிப் பார்த்தார். மகன் உடனே உதட்டை மூடிக்கொண்டான்.

தஞ்சைக் கன்வென்ஷன் என்றால், திரும்பும் பஸ்ஸில் இடம் நெருக்கடி. மூவர் சீட்டில் பையை மடியில்தான் வைக்க வேண்டும். ஒரத்தநாடு தாண்டியதும் டிரைவர் இளையராஜாவைப் போட்டார், அதுவும் முழு வால்யூமில். தகப்பன் சத்தமாகவே கூடப் பாடினார். மகன் நகரவில்லை, முன் சீட்டுக் கம்பியில் தாளம் போட்டான். தகப்பன் கையும் அதே கம்பியில், இம்முறை அரை மாத்திரை பிசகாமல். இது கிறிஸ்தவ இசையின் எல்லைக்குள் வாராமையின், இப்பொருள் வேறொரு துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வோருக்கு விடப்படுகிறது. களப்பணிக்குப் பஸ் செலவு அவரவர் பொறுப்பு.