கிரவுன் பினியனும் பியூஸ் கம்பியும்

எண்பதுகளில் சங்ககிரி லாரிப் பட்டறைகளில் டயல் கேஜ் கிடையாது. ஆனால் அளவெடுக்காமல் பின் அச்சின் கிரவுன் பல்சக்கரம் ஒன்றுகூட ஹவுசிங்குக்குள் போகாது. இன்று அதே கடைகளில் டயல் கேஜ், காந்த ஸ்டாண்டு, டார்க் ரென்ச் எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. தூசி படாமல் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்த காலத்தில், கிரவுனையும் அதைச் சுழற்றும் சின்னப் பினியனையும் மாற்றுகிறார்கள் என்றால் லாரி முதலாளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். புது செட்டைப் பிரித்ததும் மேஸ்திரி முதலில் தேடுவது நம்பரை. கிரவுனிலும் பினியனிலும் ஒரே எண் பொறித்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் இரண்டையும் ஜோடியாக ஓட்டி, ஒன்றோடொன்று தேய்த்து அனுப்புகிறார்கள். ஜோடி மாறினால் ஆயுசுக்கும் ஊளைதான். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல். இரண்டுக்கும் பொது வகுஎண் கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் அத்தனை பல்லையும் சந்தித்த பிறகுதான் பழைய பல்லுக்குத் திரும்பும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் சமமாகப் போகும். மேஸ்திரி பள்ளிக்கூடம் போனவர் இல்லை. “எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடயும் பழகோணும்டா” என்று கணக்கை முடித்துவிடுவார்.

பினியன் பேரிங் இறுக்கம் பார்க்க ஸ்பிரிங் தராசு வேண்டும். அது பக்கத்துப் பழைய பேப்பர் கடையிலிருந்து வரும். பினியன் பிளேஞ்சில் சணல் கயிற்றைச் சுற்றி, தராசுக் கொக்கியில் மாட்டி மெதுவாக இழுப்பார். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குவார். பல்லிடுக்கின் பிளே பார்க்க பியூஸ் கம்பி. கம்பியை இரண்டு பல்லுக்கு நடுவே கொடுத்துச் சுற்றினால் நசுங்கி வெளியே வரும். மஞ்சள் துணியில் சுற்றிவைத்த மைக்ரோமீட்டரில் அதன் கனத்தை அளந்தால் கால் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கம்பி பட்டறையின் சொந்த பியூஸ் கட்டையிலிருந்து வந்தது. அன்று சாயங்காலம் கரண்ட் போனால் யாரும் மின்வாரியத்தைத் திட்டுவதில்லை.

கடைசியில் புளூ. பல்லில் மெல்லப் பூசி, கிரவுனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றச் சொல்வார். நீலம் விலகிய இடம்தான் பல் பட்ட இடம். தடம் பல்லின் தலைமேட்டில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது; அடிவாரத்தில் விழுந்தால் அதிகமாக உள்ளே போயிருக்கிறது. ஷிம் என்ற மெல்லிய தகட்டில் ஒன்றை எடு, ஒன்றைப் போடு, மறுபடி கழற்று. ஷிம் தீர்ந்தால் பால்பவுடர் டின் இருக்கிறது. தடம் நட்டநடுவில் விழுந்தபோது நான் கைதட்டப் போனேன். மேஸ்திரி தடுத்துவிட்டு, கிரவுனைத் துளி நெருக்கி, தடத்தைப் பல்லின் உள்முனைப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். பாரம் ஏறியதும் தடம் தானாக வெளிமுனைக்கு நகரும். நின்ற வண்டிக்கு நடுவில் வைத்தவன் ஓடுகிற வண்டிக்குக் கோணலாக வைத்தவன் என்பது அவர் சித்தாந்தம்.

இப்படி மயிரிழை பார்த்துக் கட்டிய வண்டியில், ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்த எடையைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிக்கொண்டு முதலாளி கிளம்புவார். கால் மில்லிமீட்டருக்கு பெஞ்சில் உட்கார்ந்து காவல் காத்தவருக்கு அஞ்சு டன் கண்ணில் படாது. வண்டி தொப்பூர் கணவாயில் தர்மபுரி பக்கம் ஏறும்போது ஊளையிட்டால் பல்லின் ஒரு முகம், சேலம் பக்கம் இறங்கும்போது ஊளையிட்டால் மறுமுகம். டிரைவர் வந்து சொல்வதை வைத்தே மேஸ்திரி எந்த முகம் என்று கண்டுபிடிப்பார். ஆனால் வண்டியை விற்கிற நாள் வந்தால் இத்தனை சாஸ்திரமும் கிடையாது. கியர் ஆயிலில் ஒரு படி மரத்தூள். ஊளை அடங்கி, வாங்குகிறவர் ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். அந்தக் காலத்து நேர்மையைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வரும்.

இப்போது எல்லாமே முறைப்படி. 2018ல் அரசே அச்சுப் பாரத்தை உயர்த்தி, ரெண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆக்கியது. முதலாளிகள் திருட்டுத்தனமாக ஏற்றியதில் ஒரு பங்குக்குச் சட்டமே இடம் கொடுத்துவிட்டது. டிப்ளமோ படித்த தம்பிகள் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். மேனுவல் போனிலேயே இருக்கிறது. எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நியூட்டன் மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்வதோடு சரி. கிரவுன் போனால் செட்டிங் செய்த முழு அசெம்பிளி பெட்டியில் வருகிறது. பழசை இறக்கி புதுசை மாட்டி, ஆயில் ஊற்றி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் வண்டி வெளியே போய்விடும். உள்ளே என்ன பிளே என்று பார்க்கத் திறந்தால் வாரண்டி போச்சு. அன்று தெரியாததால் அளந்தோம். இன்று தெரிந்திருப்பதால் அளக்கக் கூடாது.

பெஞ்சில் உட்கார முதலாளியும் வருவதில்லை. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு டீசல் குடித்தது என்று அவருக்குப் போனிலேயே தெரிகிறது. பின் அச்சு என்ன சொல்கிறது என்பது மட்டும் அந்தத் திரையில் வராது. அதைக் கேட்க டிரைவர் ஒருவர் இருந்தார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். வெயிலில் வெந்த ஜனங்களுக்கு அது நியாயமாக எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் தொப்பூரில் ஏறினாலும் இறங்கினாலும் இளையராஜாதான் கேட்கிறார்.

போன மாதம் ஒரு வண்டி ஆயில் மாற்ற வந்தது. “சத்தம் ஏதாச்சும் இருக்குங்களா?” என்று தம்பி கேட்டான்.

“சுத்தமா இல்லீங்க. வண்டி பூவாட்டம் போகுது.”

டிரெயின் பிளக்கைக் கழற்றினான். அதன் காந்தத்தில் இரும்புத்தூள் அரை விரல் உயரத்துக்குச் சிலிர்த்து நின்றது. நடுவே உடைந்த பல்லின் சில்லு ஒன்று. தம்பி அதைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது: “வாரண்டி எத்தனை நாள் இருக்கு?”