பிறந்தகம் வந்த மகாராஜா

ஜே.ஆர்.டி. டாடா 1932இல் ஆரம்பித்த விமானக் கம்பெனியை 1953இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவரையே தலைவராகவும் உட்கார வைத்தது. 1978இல் அந்த நாற்காலியும் போயிற்று. அப்புறம் ஓட்டோ ஓட்டென்று ஓட்டி, 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா மகாராஜாவைப் பழைய வீட்டிலேயே கொண்டுபோய் விட்டார்கள். விலை 18,000 கோடி. ரொக்கம் 2,700 கோடிதான். மிச்சம் 15,300 கோடியும் கடன் பொறுப்பு. நகையோடு போன பெண் அடகுச் சீட்டோடு திரும்பினால் சும்மாவாவது அழைத்துக்கொள்வார்கள்; இங்கே அதற்கும் ஏலம்!

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்புகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அவர் ஏறும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் கூடவே கைமாறியதாம். மாறட்டும். திருச்சி விமான நிலைய வாசலில், நைலான் கயிறு கட்டி, மார்க்கரில் பேர் எழுதிய அட்டைப்பெட்டியைக் கைத்தராசில் தொங்கவிடுகிறார். இரண்டு கிலோ கூடுதல்.

“இப்ப டாடா கம்பெனி மச்சான், பெரிய மனுசங்க, விட்டுருவாங்க” என்கிறார் வழியனுப்ப வந்தவர்.

“அரசாங்கமா இருந்தப்பவும் நீ இதையேதான் சொன்னே” என்றபடி ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்கிறார் பயணி.