தெருவிளக்குக்கும் எம்.பி.க்கும் என்ன சம்பந்தம்?

கே: குடிமையியல் என்றால் என்ன? பள்ளியில் படித்த நினைவே இல்லையே?

ப: சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறும் புவியியலும் போக மிஞ்சிய பக்கங்களில் இருந்தது அது. ஆட்சி எந்தச் சட்டப்படி நடக்கிறது, யாருக்கு எவ்வளவு அதிகாரம், குடிமக்களுக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று சொல்லும் பாடம். குடியரசுத் தலைவராக 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த வேலைக்குப் போகப்போகிறவர்கள் ரொம்பக் குறைவு. தெருக் குழாய் உடைந்தால் எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதுதான் எல்லோருக்கும் தேவை. அது தேர்வில் அபூர்வமாகத்தான் வரும்.

கே: தெருவிளக்கு எரியவில்லை. எம்.பி.யிடம் மனுக் கொடுக்கலாமா?

ப: கொடுக்கலாம், வாங்கி வைத்துக்கொள்வார். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியலாகப் பிரிக்கிறது. ராணுவம், ரயில், ரூபாய் நோட்டு ஒன்றியத்துக்கு. காவல், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி மாநிலத்துக்கு. கல்வி இரண்டுக்கும் பொது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை எல்லாம் ஊராட்சி அல்லது நகராட்சியின் தலையில். கேட்க வேண்டிய ஆள் வார்டு உறுப்பினர், பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அமெரிக்க அதிபரின் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவருக்கு இவர் பெயர் தெரிவதில்லை.

கே: கிராம சபைக்குப் போனால் என்ன கிடைக்கும்? டீயாவது கிடைக்குமா?

ப: ஊரைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள். அழைப்பிதழ் தேவையில்லை, சிபாரிசும் தேவையில்லை. கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும். வழக்கமாகப் பாதிப் பேர் வாசலையும் மீதிப் பேர் செல்போனையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "மேலத்தெரு வாய்க்கால் தூர் வாரினதா எழுதியிருக்கே, அது எந்த வாய்க்கால்?" என்று கேட்டால் போதும், செல்போன்கள் எல்லாம் பைக்குள் போய்விடும். தீர்மானப் புத்தகத்தை நீட்டினால், எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது உத்தமம். வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்து எந்தத் தீர்மானத்துக்கும் பொருந்தும்.

கே: கணக்குக் கேட்பதெல்லாம் இப்போது வந்த வழக்கம்தானே?

ப: உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுப்படி, கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் குடவோலைத் தேர்தலில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். இன்று அந்த விதி இருந்தால் சுவரொட்டிச் செலவு எவ்வளவோ மிச்சம்! அதற்காக அதை மக்களாட்சி என்று தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் கொண்ட ஆண்களுக்கான ஏற்பாடு அது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது 1950இல் வந்த அரசமைப்புச் சட்டம் தந்தது.

கே: கேட்டும் பதில் வரவில்லை என்றால்?

ப: 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கோபத்தைக் கொட்டினால், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மதிப்பீட்டின் நகல், பணம் கொடுத்த பில்லின் நகல் என்று காகிதத்தைக் கேட்க வேண்டும்.

கே: ஓட்டுப் போடுவது சட்டப்படி கடமையா?

ப: இல்லை. 1976இல் சேர்த்த பத்து அடிப்படைக் கடமைகளிலும், 2002இல் சேர்ந்த பதினொன்றாவதிலும் அது கிடையாது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது இருக்கிறது; வாட்ஸ்அப் பார்வர்டு பிரியர்கள் கவனிக்க.

கே: சாவடிக்குப் போனால், நம் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்றால்?

ப: அடையாளத்தை நிரூபித்தால் தனி வாக்குச்சீட்டு தருவார்கள். 'சர்கார்' படத்தால் பிரபலமான 49பி விதி இதுதான். அந்தச் சீட்டு உறையில் தனியே வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு இந்த வழியும் இல்லை. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் 6ஆம் எண் படிவத்தை இப்போதே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.