பத்திரம் பண்ண அவ்வளவு அவசரமா, மாப்ள?

என்ன மாப்ள, மூஞ்சிய முழ நீளம் தொங்கப் போட்டிருக்க? செந்துறைப் பக்கம் ஓட்டு வீடு ஒண்ணு பேசி முடிச்சியாம், அட்வான்சும் குடுத்தாச்சாம், அந்த வீட்டுக்கார அப்பாயி இன்னிக்கு நாளைக்குன்னு இழுக்குதாம். ஆடி கழியட்டும்னுச்சாம். ஆடியும் ஆவணியும் கழிஞ்சு புரட்டாசி வந்துருச்சாம். "கிழவி ஏமாத்துது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிற. எண்பது தாண்டுன பொம்பள, கண்ணு மங்கல், கையெழுத்துப் போடத் தெரியாது. காலேஜ் படிச்சு காரு வச்சிருக்கிற உன்னய ஏமாத்துதாக்கும். சரிதான், ஆயுதப் படையக் கூப்புட வேண்டியதுதான்.

சிறுவாச்சூர் மதுரகாளிக்கு வாரத்துல திங்களும் வெள்ளியுந்தான் நடை திறக்கறது. செவ்வாக்கெழம போயி நின்னு கதவ ஒடைப்பியா நீ? பொத்திக்கிட்டு காத்திருக்கல்ல?

அந்தப் பொம்பள இருக்கிற இடத்த விட்டு நகராமலே எத்தன மாவட்டம் பாத்துச்சுன்னு தெரியுமா? வாக்கப்பட்டு வந்தப்ப திருச்சி. 1995-ல பெரம்பலூர்னாங்க. 2001-ல அரியலூர். அடுத்த வருசமே திரும்பப் பெரம்பலூர். 2007 நவம்பர்ல மறுபடி அரியலூர். அந்த வீடு எந்த மாவட்டம்னு முடிவு பண்ண சர்க்காருக்கே பன்னெண்டு வருசம் புடிச்சிருக்கு, ஐயா ரெண்டு மாசத்துல குதிக்கிறாரு! வில்லங்கம் போட்டுப் பாத்தியே, சார்பதிவாளர் ஆபீஸ் எல்லை எப்பவாச்சும் மாறியிருந்தா பழைய ஆபீஸ்லயும் தேடணும்னு எவனாவது சொன்னானா? புரோக்கர் சொல்ல மாட்டான். அவனுக்கு கமிசன் வில்லங்கத்துல இல்ல, கிரயத்துலதான்.

நத்தம் பட்டா யாரு பேர்ல இருக்கு? செத்துப்போன தாத்தா பேர்ல. மனுசன் உயில் எழுதி வச்சாரா? இல்ல. அப்ப 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாயிக்கு ஒரு பங்கு, மகனுங்க ரெண்டு பேருக்கு ரெண்டு பங்கு, சிங்கப்பூர்ல இருக்கிற மகளுக்கு ஒரு பங்கு. நாலுல ஒரு பங்குக்காரிகிட்ட முழு வீட்டையும் பேசிட்டு வந்து, அவ இழுக்குறான்னு அழுவற. வாரிசுச் சான்று வாங்கணும். அந்த மக இங்க வரலேன்னா அங்க இந்திய ஹைகமிஷன் ஆபீஸ்ல பவர் எழுதி அனுப்பணும். அது நம்ம நாட்டுக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும். இதெல்லாம் பாக்காம ஆடியிலயே பத்திரம் முடிச்சிருந்தேன்னு வையி, மகளோட வக்கீல் நோட்டீசு தைக்கு வந்து உனக்குப் பொங்கல் வச்சிருக்கும். கிழவி இழுத்ததுதான் உன்னயக் காப்பாத்துச்சு, அதுக்கு ஒரு சேலை எடுத்துக் குடு.

ஜெயங்கொண்டத்துல பழுப்பு நிலக்கரி எடுக்கப் போறோம்னு 1990-கள்ல சனங்க நிலத்த எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? நட்டஈடு பத்தலன்னு வழக்கு இருவது வருசத்துக்கும் மேல ஓடுச்சு. கடைசியில திட்டமே வேணாம்னுட்டாங்க. அந்தப் பக்கத்துக் கிழடுகட்டைகளுக்குக் கையெழுத்துன்னா ஏன் கை நடுங்குதுன்னு இப்பப் புரியுதா?

அதவிடு. "ஒரு நாளு ராத்திரி போயி ரேகை வாங்கிட்டு வந்துருவோம்"னு புரோக்கர் சொன்னானாமே? அப்பாயியோட கட்டைவெரல என்னிக்காவது கிட்டப் பாத்தியா? காலமெல்லாம் முந்திரிக்கொட்டை ஒடைச்ச வெரலு. கொட்டையில இருக்கிற எண்ணெ பட்டுப் பட்டு தோலு வெந்து, கறுத்து, ரேகையே தேஞ்சு கெடக்கு. ரேசன் கடை மிசினே அதப் பாத்து முழிக்குது. அதுல ராத்திரியில மை தடவப் போறானாம்! 1872-லயே ஒப்பந்தச் சட்டத்துல எழுதி வச்சிட்டுப் போயிருக்கான் வெள்ளக்காரன்: வயசாலயோ நோவாலயோ புத்தி தளந்தவங்கள அமுக்கி எழுதி வாங்கினா அது கோர்ட்டுல நிக்காதுன்னு. அப்பாயிக்கு நடக்க முடியலேன்னா பதிவுச் சட்டம் 31-ஆம் பிரிவு இருக்கு. தக்க காரணம் காட்டி மனு குடுத்தா, அதிகாரியே வீட்டுக்கு வந்து பதிவாரு. பகல்ல, நாலு பேரு பாக்க, திண்ணையில வச்சு.

ஆமா, வித்துட்டு எங்க படுப்ப, மாட்ட எங்க கட்டுவன்னு அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டியா? ஓடு எத்தன, தேக்கு உத்தரம் எத்தனன்னு மட்டும் எண்ணிட்டு வந்திருக்க. பெரியவன் "பணம் வரட்டும், எங்க வீட்டுக்கு வந்துரு"ங்கிறான். சின்னவனும் அதையேதான் சொல்றான். ரெண்டு பயலும் "பணம் வரட்டும்"ங்கறத மொதல்ல சொல்றது கிழவி காதுல நல்லாவே விழுது. கண்ணுதான் மங்கல், காது இல்ல.

அதனால கைநெறைய ரொக்கத்த மஞ்சப்பையில கட்டிட்டுப் போயி நிக்காத. வீட்டுக் கிரயத்துக்கு இருவதாயிரமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு 2015-லேருந்தே சட்டம். அப்பாயி பங்கு அப்பாயி பேர்ல இருக்கிற கணக்குலதான் விழணும். கணக்கு இல்லேன்னா கார்ல ஏத்திட்டுப் போயி தொறந்து குடு, பாஸ்புக்க அது கையிலயே குடுத்துட்டு வா. மகனுங்க ரெண்டு பேரும் மொறைப்பானுங்க. எவன் சொல்லிக் குடுத்தான்னு கேப்பானுங்க. என் பேர மட்டும் சொல்லிராத மாப்ள, புரோக்கர் பேரச் சொல்லு.