ஒரு லாகினில் ஒன்பது பேர்

திருப்பூரில் பத்துப் பதினைந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் பனியன் கம்பெனி முதலாளியா நீங்கள்? சாட், மெயில், ஃபைல், வீடியோ மீட்டிங், வேலைப் பட்டியல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சாஃப்ட்வேரை வாங்கச் சொல்லி மச்சினர் மகன் நச்சரிக்கிறானா? வாங்கிவிடுங்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸோ, மைக்ரோசாஃப்ட் டீம்ஸோ, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோவோ, எதுவானாலும் சரி. எதை வாங்கினாலும் அதை வாட்ஸ்அப்பாக மாற்றிவிடும் வித்தை நம்மிடம் இருக்கிறது. அதற்கான வழிகள் இதோ.

முதலில் லாகின். இந்த சாஃப்ட்வேர்களுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று சந்தா. உங்களிடம் கணக்குப்பிள்ளை, மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், செக்கிங், பேக்கிங் என்று ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கும் தனித்தனிச் சந்தாவா? டீயையே ஒரு போசியில் வாங்கி வந்து ஊற்றிக்கொள்கிற கம்பெனி இது. ஒரே லாகின் எடுங்கள். பெயர் ‘ஆபீஸ்’. பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-ம். மறந்துவிடாமல் இருக்க நாள்காட்டி அட்டையில் எழுதி, கணக்குப்பிள்ளை தலைக்கு மேல் மாட்டிவிடுங்கள்.

இதன் அருமை போகப்போகத் தெரியும். ஃபைலை யார், எப்போது, எப்படித் திருத்தினார்கள் என்று இந்த சாஃப்ட்வேர் வரிக்கு வரி குறித்துவைக்கும். சைஸ் சார்ட்டில் மார்பளவு 52 செ.மீ. என்றிருந்தது 54 ஆனது எப்படி? திருத்தியவர்: ஆபீஸ். பார்த்தவர்: ஆபீஸ். ஆபீஸ் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட வேலையை ஆபீஸ் முடிக்கவில்லை என்று ஆபீஸே ஆபீஸுக்கு நினைவூட்டியிருக்கும். துணி வெட்டியாகிவிட்டது, ஆனால் குற்றவாளி யாரும் இல்லை. சண்டை சச்சரவு இல்லாத கம்பெனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஓடிபி மட்டும் உங்கள் போனுக்கே வரட்டும். முதலாளி என்ற மரியாதை வேண்டாமா? கிருத்திகைக்கு நீங்கள் பழனி போயிருக்கிறீர்கள் என்று வையுங்கள். மலைக்கோயிலில் 2023 அக்டோபர் முதல் செல்போனுக்குத் தடை. உங்கள் போன் அடிவாரத்தில் டோக்கன் போட்டுத் தூங்குகிறது. இங்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரோ தெரியாமல் லாக்அவுட் அமுக்கிவிட்டார்கள். பேக்கிங் லிஸ்ட் மெயிலுக்குள் இருக்கிறது, லோடு ஏற்ற வந்த வண்டி வாசலில் நிற்கிறது. ஓடிபிக்குப் பத்து நிமிடம் ஆயுள், தர்ம தரிசனத்துக்கு மூன்று மணி நேரம். வண்டிக்காரர் இரண்டாவது டீ குடிக்கும்போது, பழைய லிஸ்ட் ஒன்று செக்கிங் அக்காவின் வாட்ஸ்அப்பில் கிடைக்கும். அதை வைத்து லோடு ஏற்றிவிடலாம். பழைய லிஸ்ட்தான். பரவாயில்லை.

அடுத்தது சாட். ஆர்டருக்கு ஒரு சேனல் திறந்து, அந்த ஆர்டரின் பேச்சை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டெமோ காட்டியவர் சொல்லியிருப்பார். திறந்துவையுங்கள். பிறகு மெர்ச்சண்டைசர் தம்பி மாஸ்டரிடம் போய், “மாஸ்டர், டாஸ்க்ல போட்டிருந்தேனே, பாக்கலீங்களா?” என்று கேட்பதைக் கேளுங்கள். “நானெங்க தம்பி பாக்கறது, கையில கட்டிங் மெஷினு ஓடிட்டிருக்குதே” என்பார் அவர்.

இந்த இடத்தில் மட்டும் கிண்டலை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன்: மாஸ்டர் சொல்வது நியாயம். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவர்களுக்காகச் செய்த சாமான் இது. காலை எட்டரையிலிருந்து டேபிள் முன்னால் நிற்கிறவருக்கு டேப்லெட்டும் யாரும் வாங்கித் தரவில்லை, லாகினும் தரவில்லை. அவர் வாய்ஸ் நோட்தான் போடுவார். ஒன்றே முக்கால் நிமிடம். அதில் பாதி ஓவர்லாக் சத்தம். நடுவே எங்கோ, “அந்த நேவி லாட்டு வேண்டாம்னு பையர் சொல்லிட்டாங்களாம்” என்று ஒரு வாக்கியம். நாளைக்குத் தேடல் பெட்டியில் ‘நேவி’ என்று அடித்தால் ஒன்றும் வராது.

ஷேடு விவகாரத்தைப் போட்டோவிலேயே முடித்துவிடுங்கள். பையர் ஆபீஸில் லைட் பாக்ஸுக்குள் டி65, டிஎல்84 என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நீங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்து, கட்டைவிரல் எமோஜி வந்ததும் டையிங்குக்குச் சொல்லிவிடுங்கள்.

பணப் பேச்சுக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடவே கூடாது. பீஸ் ரேட்டை சாட்டிலேயே பேசி முடித்தால் போதும். அந்த சாட் ஸ்லாக் என்ற சாஃப்ட்வேரில் நடந்தால் இன்னும் சௌகரியம்: இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய பேச்சு கண்ணுக்குத் தெரியாது. சிறுதொழிலுக்குத் தர வேண்டிய பணத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. நம் ஊர் பேமென்ட் எத்தனை நாள் இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேசிய ரேட்டை எடுத்துக் காட்டலாம் என்று திறக்கும்போது பேச்சு மறைந்திருக்கும்.

இப்படி ஆறு மாதம் போனால், சாஃப்ட்வேரை யாரும் திறக்க மாட்டார்கள். ஆர்டர் நிலவரம் வாட்ஸ்அப்பிலும் வெள்ளைப் பலகையிலும் கணக்குப்பிள்ளையின் நீள நோட்டிலும் பத்திரமாக இருக்கும். சந்தாவை நினைத்துக் கவலை வேண்டாம், அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கார்டில் ஆட்டோ டெபிட் பதிந்துவிட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்க வேண்டியதில்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் பேங்கிலிருந்து உங்களுக்கு மெசேஜ் வரும். அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.