கயிற்றின் மறுமுனையில் மச்சினன்

தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய கல்கிசை வரைக்கும் கடலுக்கு அடியில் ஒரு கேபிள் கிடக்கிறது. பாரத் லங்கா என்று பெயர். பிஎஸ்என்எல்லும் இலங்கை டெலிகாமும் சேர்ந்து 2006-இல் தொடங்கி வைத்தது. நீளம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அதன் தலைக்கு மேலே கப்பல் போகிறது, விசைப்படகு போகிறது, வாடைக்காற்றும் போகிறது. அப்படிப்பட்ட பெருமை கொண்ட ஊரில், மட்டக்கடைப் பக்கம் ஒரு பழைய வீட்டில், கூடத்தில் இருக்கிற ரவுட்டரிலிருந்து அடுக்களைக்கு வைஃபை போகாது. நடுவில் கடல் எதுவும் இல்லை. ஒரு சுவரும் ஒரு பீரோவும்தான். வீடு என்னுடையது.

ரவுட்டரின் இருப்பிடத்தை முடிவு செய்தது அம்மா. பைபர் போட வந்த பையன் எங்கே வைக்கட்டும் என்று கேட்டதும், இரும்பு பீரோவுக்கு மேல் பனிமய மாதா படத்துக்குப் பக்கத்தில் இடம் காட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிற எந்தப் புதுப் பொருளும் முதலில் மாதா பார்வையில் இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். தூசி படியாமல் இருக்க, தானே பின்னிய குரோஷா உறை ஒன்றையும் அதற்கு மாட்டிவிட்டாள். எங்கள் ஊர் வெயிலில் உறை மாட்டிக்கொண்டு உழைக்கிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

நெட் போனால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் தயாராக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்முடைய நெட்டை உறிஞ்சுகிறார்கள் என்பது அம்மா கட்சி. மேல் மாடியில் உட்கார்ந்து, துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்ட் ஒருவருக்கு ஆவண வேலை பார்க்கும் என் மனைவி, "நீங்க என்னத்தையோ நோண்டிருக்கீங்க" என்பாள். அப்பா மட்டும் விஞ்ஞானம் பேசுவார்.

"ஏல, இதே வீட்டுல, இதே சுவத்துக்குள்ள உக்காந்துதான் நான் இலங்கை வானொலி கேட்டேன். அம்புட்டுத் தூரத்துல இருந்து வயரே இல்லாம பாட்டு வந்துச்சு. கூடத்துல இருந்து அடுக்களைக்கு உன் நெட்டு வரமாட்டங்கு."

கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. அப்பா கேட்ட மத்திய அலையின் நீளம் சில நூறு மீட்டர். அந்த அலைக்கு எங்கள் வீடு குறுக்கே நிற்கிறது என்பதே தெரியாது. அந்த மாதிரி அலையை அனுப்பும் நிலையங்களும் லேசுப்பட்டவையல்ல. இலங்கைக்காரர்கள் கேட்கட்டும் என்று நம் பக்கத்திலிருந்து ஒலிபரப்பிய தூத்துக்குடி ஆகாசவாணி நிலையத்தின் சக்தி 200 கிலோவாட். என் ரவுட்டரின் சக்தி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அது விடுகிற அலையின் நீளம் 2.4 கிகாஹெர்ட்ஸில் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் ஆறு. சுவரைக் கண்டால் மலைத்து நிற்கிற உயரம்.

அதுவும் எங்கள் வீட்டுச் சுவர் சாதாரணச் சுவர் இல்லை. அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் கடலுக்குள்ளிருந்து பவளப்பாறையை வெட்டி வந்து வீடு கட்டினார்கள். அதையே சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். அப்படி வெட்டி வெட்டியே எங்கள் கரைக்கு எதிரில் இருந்த விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு தீவையே முழுங்கிவிட்டு நிற்கிற சுவர், கோடை முழுக்கக் கடற்காற்றின் ஈரத்தையும் உப்பையும் குடித்துக்கொண்டு நிற்கிற சுவர், ரேடியோ அலையை மட்டும் விட்டுவைக்கும் என்று நம்பியது எங்கள் பேராசை.

சேவை மையத்துக்கு போன் போட்டால், பாட்டு முடிந்ததும் ஒரு பையன் வருவான். மரியாதையான பையன். "சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி, முப்பது செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்." பண்ணுவேன். "இப்ப வருதா சார்?" கூடத்தில் வரும். "வருது, ஆனா அடுக்களைல..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்துவிடும். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு இந்த வீட்டில் அக்கா யாரும் இல்லை.

அக்கா எங்கே வந்தாள் என்று கேட்பவர்கள் எங்கள் கரைக்குப் புதியவர்கள். முத்துக் குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வேகமாக இறங்குவதற்குக் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, பத்துப் பாக ஆழத்துக்குப் போவான். மூச்சு ஒரு நிமிடம் தாங்கும். கொஞ்சம் முன்னே பின்னே. கயிறு சுண்டியதும் மேலே இருக்கிறவன் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பேச்சு உண்டு. கூடப்பிறந்தவன் பிடித்தால் பங்குக் கணக்கு மனசில் ஓடினாலும் ஓடும். மச்சினன் பிடித்திருப்பது தன் அக்காளின் தாலி. கண் அசர மாட்டான். சேர்ந்தாற்போல் முத்துச் சலாபம் நடந்தது கடைசியாக 1955-க்கும் 1961-க்கும் இடையில். இன்று திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கத்தான் போகிறார்கள். முத்து அருகிப்போனாலும் மச்சினன்மார்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. லேன் கேபிளுக்கும் இரண்டு முனை உண்டு.

என் மச்சினனுக்குத் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டு ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. அக்கா போன் போட்டு ஒரு மூச்சு அழுததும், தோளில் பையோடு வந்துவிட்டான். வந்ததும் வைஃபையைத் தொடவே இல்லை.

"அத்தான், காத்துல போறதை அப்புறம் பாப்போம். மொதல்ல கையில புடிக்கிற மாதிரி இருக்கறதைப் பாப்போம்."

பைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். எரிந்தால் தெருவில் எங்கோ பைபர் அறுந்திருக்கிறது, வீட்டுக்குள் தேடிப் பிரயோஜனமில்லை. எரியவில்லை. லேப்டாப்பை நேராக ரவுட்டரில் வயரால் கோத்து 192.168.1.1-க்குப் பிங் அடித்தான். ரவுட்டர் பதில் சொன்னது. 8.8.8.8-க்கு அடித்தான், வெளியுலகமும் பதில் சொன்னது. வேகம் பார்த்தான். நாங்கள் காசு கட்டுகிற 300 எம்பிபிஎஸ் அப்படியே வந்தது.

"கம்பெனிக்காரன் மேல தப்பு இல்ல அத்தான்." அப்பாவின் முகம் வாடிவிட்டது. திட்டுவதற்கு வெளியாள் இல்லாமல் போவது பெரியவர்களுக்குக் கஷ்டம்.

அடுத்து மேல் மாடிக்குப் போகிற வயர். அதன் நுனியில் லேப்டாப்பைக் கோத்தால் வேகம் 94 என்று நின்றது. எத்தனை முறை பார்த்தாலும் அதே 94. மச்சினன் முகத்தில் சந்தோஷம் வந்தது. கன்னாபின்னாவென்று மாறுகிற எண்ணுக்குக் காரணம் தேடுவது கஷ்டம். ஒரே இடத்தில் நிற்கிற எண் தானே வந்து ஒப்புக்கொள்கிறது என்றான்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் ஓட 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும். 1000 ஓட வேண்டுமென்றால் எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பி தகராறு செய்தாலும் இரண்டு பக்கத்துக் கருவிகளும் தங்களுக்குள் பேசி 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் போகாது, வேகம்தான் போகும். அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

பையிலிருந்து டெஸ்டரை எடுத்தான். இரண்டு துண்டாகப் பிரிகிற சின்னப் பெட்டி. ஒரு துண்டை வயரின் கீழ் முனையில் அவன் மாட்டினான். மறு துண்டோடு நான் மேல் மாடிக்கு அனுப்பப்பட்டேன். அதில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். எரிய எரிய நான் கத்த வேண்டும்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு! அஞ்சு! ஆறு! எட்டு!"

"ஏழு?"

"ஏழு இல்ல!"

"திருப்பிச் சொல்லுங்க அத்தான்!"

மறுபடியும் ஒன்றிலிருந்து. மூன்றாம் வீட்டு ஜன்னல் திறந்து ஒரு பெரியம்மா தலையை நீட்டினார். "எய்யா, என்ன மீனு ஏலம் போவுது? நெய்மீனா இருந்தா எனக்கும் ஒண்ணு சொல்லு." இல்லை பெரியம்மா, நெட்டு என்றேன். வலை என்று நினைத்துக்கொண்டார். வலைக்கு எதற்கு ஏலம் என்று கேட்டுக்கொண்டே ஜன்னலை மூடினார்.

மேல் மாடிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். ஏழாவது ஊசியில் பச்சையாகக் களிம்பு. பிளக்கின் ஊசிகளுக்குத் தங்க முலாம் பூசித்தான் விற்கிறார்கள். மலிவுப் பிளக்கில் அந்தத் தங்கம் பேருக்குத்தான் இருக்கும். அது தேய்ந்த இடத்தில் உப்புக்காற்று நுழைந்து செம்பைத் தின்றுவிடும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நாங்கள்தான் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். அந்த உற்பத்தியில் ஒரு பகுதி பிளக்குக்குள் நடக்கிறது என்று பாடத்தில் போடவில்லை. இந்த ஊரில் ஜன்னல் கம்பி, பைக், மின்விசிறி எதுவுமே நமக்குச் சொந்தமில்லை. கடல் திருப்பிக் கேட்கிற வரைக்கும் நாம் வைத்துக்கொள்கிறோம்.

மச்சினன் நுனியை வெட்டி, எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, புதுப் பிளக்கில் நுழைத்துக் கிரிம்பரால் ஒரு அழுத்து அழுத்தினான். ஏழு எரிந்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தேன். மேல் மாடியில் வேகம் 300 வந்தது.

அதற்கப்புறம்தான் அடுக்களை. பவளச் சுவரோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை என்று, அடுக்களை வரைக்கும் ஒரு வயரை இழுத்து, பரணில் கிடந்த பழைய ரவுட்டரை அங்கே வைத்துவிடலாம் என்றான். வயரில் வருகிற நெட்டை அது வைஃபையாக்கிக் கொடுக்கும். ஆனால் அப்படியே சொருகக் கூடாது. ரவுட்டர் என்பது போனுக்கும் டிவிக்கும் ஐபி முகவரி வழங்குகிற அதிகாரி. வீட்டில் இரண்டு அதிகாரி இருந்தால், பழையவரிடம் முகவரி வாங்கிய போன் வெளியே போகும் வழியையும் அவரிடமே கேட்கும். அவருக்கு வழி தெரியாது. வைஃபை முழுசாகக் காட்டும், நெட் மட்டும் இருக்காது. ஆகவே பழைய ரவுட்டரிடமிருந்து முகவரி வழங்குகிற டிஹெச்சிபி அதிகாரத்தைப் பறித்து, புதியதோடு முட்டாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்து, 'வேன்' என்று எழுதிய துளையை விட்டுவிட்டு லேன் துளையில் வயரை மாட்டினான். "பதவி போனாலும் வேலை பாக்கணும், அதுதான் இதுக்கு" என்றான். ஓய்வுபெற்ற அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

ரசம் கொதிக்கிற இடத்தில் முதன்முதலாக யூடியூப் ஓடியது. அம்மா மாதாவுக்கு நன்றி சொன்னாள். மச்சினனுக்கு நண்டுக் குழம்பு கிடைத்தது.

மறுநாள் காலையில் வீடு முழுக்க நெட் செத்துக் கிடந்தது. வயர், வைஃபை, மாடி, கூடம், அடுக்களை, எல்லாம். "லைட்டு எல்லாம் ஜோரா எரியுதேல" என்றார் அப்பா. உண்மைதான். எல்லாப் பெட்டியிலும் எல்லா விளக்கும் கண்ணை மூடாமல் துடித்துக்கொண்டிருந்தன. மச்சினனுக்கு அதை வீடியோவாக எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அத்தான், நேத்து ராத்திரிக்கு அப்புறம் வீட்ட யாரு கூட்டிப் பெருக்கினா?"

அம்மாதான். மாடியில் ஒரு வயரைப் பல துளைகளாகப் பிரித்துக் கொடுக்கிற சுவிட்ச் பெட்டியில் ஒரு முனை மாட்டி, மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருந்த குட்டை வயர் ஒன்று அவள் கண்ணை உறுத்தியிருக்கிறது. அதே சுவிட்சில் பக்கத்தில் ஒரு துளை காலியாக இருந்திருக்கிறது. வயரும் துளையும் கச்சிதமாகப் பொருந்தியும் போய்விட்டன. "தொங்கவிட்டுட்டுப் போயிருக்கானேன்னு நாந்தான் சொருகி வச்சேன்" என்றாள்.

நெட்வொர்க்கில் எந்தக் கருவியும் அடிக்கடி, "இந்த முகவரி யாருடையது?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். சுவிட்ச் அந்தக் கேள்வியை எல்லாத் துளைகளிலும் அனுப்பும். ஒரே வயரின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் இருந்தால், ஒரு துளையில் வெளியே போன கேள்வி மறு துளையில் உள்ளே வந்து, மறுபடி எல்லோருக்கும் போகும், மறுபடி உள்ளே வரும். இந்தக் கேள்விகளுக்குச் சாவு கிடையாது. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் பெருகி, வேறு எதையும் ஓடவிடாது. விலை கூடிய சுவிட்சுகள் இதைக் கண்டுபிடித்து அந்தத் துளையை மூடிவிடும். எங்களுடையது அந்த ரகம் இல்லை. வயரைப் பிடுங்கியதும் வீடு மூச்சுவிட்டது. அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நண்டுக் குழம்பு அதோடு நின்றுவிடும்.

போன வாரம் ராத்திரி நேரத்தில் மச்சினன் மனைவியிடமிருந்து போன். அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் என்று யாரும் கிடையாது.

"அண்ணே, எங்க வீட்ல மாடிக்குப் போற நெட்டு நின்னுபோச்சு. இவங்க ஒத்தையில கீழயும் மேலயுமா ஓடிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்ல."

எனக்கு ஒன்றுமே தெரியாதேம்மா என்றேன்.

"ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும்ல? எனக்கு அண்ணன் முறைக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

முறையென்று வந்தபின் பேச்சுக்கு இடமில்லை. நாத்தனார் புருஷன் அண்ணன்தான். ஆக, அவனுக்கு நான் மச்சினன். டெஸ்டர், கிரிம்பர், பிளக் எல்லாம் அவனிடமே இருந்தன. வழியில் கடையில் நிறுத்தி அரைக் கிலோ மக்ரூன் மட்டும் வாங்கிக்கொண்டேன். எட்டில் எத்தனை விளக்கு எரிகிறதோ இல்லையோ, தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது.