தோசைக்கல்லும் தெப்பன்யாக்கியும்: ஓசூர்ச் சமையலறை ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

ஓசூர்க்காரனுக்கு வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். இவை போக அவனுக்கு நான்காவதாக ஒரு மொழியும் தெரியும் என்பதை அறிஞர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள். அது ஜப்பானியம். 1980களில் டிவிஎஸ் சுசுகியோடு கைகோத்தது, பிறகு தரக் கட்டுப்பாட்டு வகுப்புகள் வந்தன. கைசென், கன்பான், கெம்பா, முடா எல்லாம் சிப்காட் டீக்கடை வரை புழங்கின. 2001இல் கூட்டு பிரிந்தது, சொற்கள் பிரியவில்லை. மறு ஆண்டே டிவிஎஸ் மோட்டார் ஜப்பானின் டெமிங் பரிசையும் வாங்கிவந்தது. ஆனாலும் அந்த மொழியில் "பசிக்கிறது" என்று சொல்ல எங்களுக்கு ஒரு சொல் கிடையாது. ஆலையில் தர ஆய்வாளனாக இருந்து ஓய்வுபெற்ற நான் அக்குறையைப் போக்கத் துணிந்தேன்.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் இரண்டு ஓனோக்கள் உண்டு. சுசுமு ஓனோ தமிழும் ஜப்பானியமும் உறவுமொழிகள் என்று 1980இல் நூல் எழுதினார். நம் பொங்கலுக்கு இணையாக அங்கும் ஒரு சடங்கைக் காட்டினார். மொழியியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. தாயிச்சி ஓனோ டொயோட்டா உற்பத்தி முறையை வகுத்தவர்: வேண்டிய பொருள், வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில். முன்னவர் சொல்லில் தேடினார், பின்னவர் ஆலையில் தேடினார். தோசைக்கல்லில் யாரும் தேடவில்லை.

'தெப்பன்' என்றால் இரும்புத் தகடு, 'யாக்கி' என்றால் சுட்டது. 1945இல் கோபே நகரின் மிசோனோ உணவகம்தான் இதைத் தொடங்கிவைத்தது என்பார்கள். இரும்புத் தகட்டில், வாடிக்கையாளர் கண்முன், கரண்டிச் சத்தத்தோடு இறைச்சி வேகும் கலையை நம் கொத்து பரோட்டா மாஸ்டர்கள் எதிர்த்து வழக்குப் போடாதது அவர்கள் பெருந்தன்மை. தெப்பனுக்கும் தெப்பக்குளத்துக்கும் உறவை நிறுவவும் முயன்றேன். மனைவி தடுத்துவிட்டாள்.

3. மூலப்பொருள்

ஜப்பானில் பேரரசர் தென்மு 675இல் மாடு உள்ளிட்ட சில விலங்குகளின் இறைச்சிக்குத் தடை விதித்தார். பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி 1872இல்தான் வெளிவந்தது. எங்கள் பக்கம் தடையைக் கடக்க அவ்வளவு காலம் ஆகாது. 2021இல் கர்நாடகத்தில் பசுவதைச் சட்டம் கடுமையானபின், எல்லையிலுள்ள ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம். கடைக்காரரிடம் 'அண்டர்கட்' கேட்டு வாங்கினேன். கோபே மாட்டிறைச்சியில் கொழுப்பு பளிங்குக் கோடுகளாக ஓடும். நம்முடையதில் உழைப்பு ஓடியிருக்கும். ஆகவே வெந்தபின் நார்க்குறுக்கே மெலிதாக நறுக்குவது கட்டாயம்.

துணைக்கு, சுமார் 900 மீட்டர் உயரத்துக் குளிரில் விளைந்த குடைமிளகாய், கோஸ், பீன்ஸ், முள்ளங்கி. பீன்ஸை வேகவைத்து வறுத்த எள்ளுப்பொடி, சோயா சாஸ், சர்க்கரை சேர்த்துப் பிரட்டினால் அது கோமாஆயே. எங்கள் வீட்டு எள்ளுப்பொடிக்கு இப்படியொரு கடவுச்சீட்டு கிடைக்குமென்று யார் கண்டது?

4. முறையியல்

ஒன்றேகால் அங்குலத் துண்டுகளுக்கு முக்கால் மணி முன்பே உப்புத் தடவி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். மேற்பரப்பில் ஈரம் இருந்தால் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும். வேதியியலார் மயார் 1912இல் விவரித்த பழுப்பேறும் வினை தொடங்காது. ஆலை மொழியில் இது முடா, அதாவது வீண். கல் புகைந்ததும் பக்கத்துக்கு இரண்டரை நிமிடம், இறக்கி ஐந்து நிமிட ஓய்வு. அதே கல்லில் குடைமிளகாயும் கோசும். சோயா, இஞ்சி, பூண்டு, வெல்லம் கொதித்துச் சாறானது. முள்ளங்கியைத் துருவி ஓரமாக வைத்தேன்.

இடையே ஒரு கண்டுபிடிப்பு. கடுகு டப்பாவின் அடியில் பழைய ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று கிடந்தது. விசாரித்ததில், "அது கண்ணுல பட்டா கடுகு வாங்கணும்னு அர்த்தம்" என்றாள் மனைவி. கன்பான், அதாவது சரக்கை நிரப்பச் சொல்லும் அடையாளம்! முப்பது ஆண்டுகளாக என் வீட்டில் இயங்கிவந்த கன்பானை நான் ஆலையில் சான்றிதழ் வகுப்பில் உட்கார்ந்து கற்றிருக்கிறேன்.

5. முடிவுகள்

விருந்தாளி மச்சான். எட்டரை மணிக்குச் சரியாக இறைச்சி தயார். மச்சான் வரவில்லை. ஒன்பதுக்குச் சூடுபடுத்தினேன், பத்துக்கு மறுபடியும். பதினொன்றே முக்காலுக்கு வந்தவன் பல்லால் ஒருமுறை சோதித்துவிட்டு, "மாமா, இது எந்த வண்டியோட பிரேக் லைனிங்?" என்றான்.

தாயிச்சி ஓனோ வலியுறுத்தியபடி ஐந்து முறை ஏன் என்று கேட்டேன்.

ஏன் கடினம்? மூன்று முறை சூடேறியது. ஏன் சூடேற்றினேன்? ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை? "அவனுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிஃப்டுங்க" என்றாள் மனைவி. ஏன் எனக்குத் தெரியவில்லை? "தம்பி எனக்குத்தானே தினமும் போன் பண்றான்." ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"நீங்க கேக்கலையே."

பிரச்சினையைக் கெம்பாவில், அதாவது வேலை நடக்கும் இடத்தில், நிற்பவரிடம் கேள் என்பது ஆலையின் முதல் பாடம். எங்கள் வீட்டுக் கெம்பா அடுப்படி என்பதை நான்தான் படிக்கவில்லை. அவள் அந்தப் பிரேக் லைனிங்கைக் காகிதம்போல் சீவி, வெங்காயம், மிளகு, கறிவேப்பிலையோடு அதே கல்லில் புரட்டினாள். மச்சான் இரண்டு உருண்டை களியோடு முடித்தான்; பீன்ஸ் மட்டும் என்னுடையது என்பது பதிவு செய்யத் தக்கது.

திருத்த நடவடிக்கை: கல்லை நான் தேய்த்தேன்.